இந்தியா பெஞ்சின் அழகையா

தான் ஒரு நாளும் கால் வைக்காத நாட்டுக்காக ஒருவன் இன்னொருவனுடைய சட்டைக் கொலரைப் பிடிக்கிறான் என்றால், உண்மையில் அவன் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்? இலங்கை மலைநாட்டு உக்குவளையில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்க அவகாசம் இருக்கவில்லை. ஆளுக்கொரு கொலர் கையில் இருந்தது.

அப்படிப் பிடித்தவர்களில் முன்னால் நின்றவர் அழகையா. உக்குவளை ஸ்டேசனுக்குத் திரும்பும் சந்தியில், கொக்கோவும் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் கடையொன்றில் தராசுக்காரராக இருந்தார். றப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். இளவயதிலேயே தோட்டத்தை விட்டு இறங்கி வந்து, அந்தக் கடையின் பின்னறையில் குடியேறி, தங்கம்மாவைக் கட்டி, மாரியாயி என்ற ஒரே மகளை வளர்த்து, அவளை மாத்தளையில் மிளகாய் அரைக்கும் மில்லில் வேலை செய்த பையனுக்குக் கட்டியும் கொடுத்தார். பாட்டனார் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று சொல்வார். புதுக்கோட்டையில் எந்த ஊர் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அவருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதாகவும் தகவல் இல்லை.

வாலிப வயதில், கொழும்பில் போட்ட ஒரு சட்டத்தினால், தோட்டத்து மக்கள் எல்லோரையும் போல அவரும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவரானார். அதைப்பற்றி அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. இந்தியா ஒரு விக்கெட்டை இழந்தால் மட்டும் கோபப்படுவார். அன்றைக்கு மிளகு நிறுக்கக் கொண்டு வருபவர்கள் தராசைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய கோபத்துக்குக் களம், சந்தியிலிருந்த மக்கீன் நானாவின் ஹோட்டல். அங்கே இரண்டு நீளப் பெஞ்சுகள் இருந்தன. கஃபாவின் படம் போட்ட கலண்டருக்குக் கீழே இருந்தது பாகிஸ்தான் பெஞ்சு. வடையும் பனிஸும் அடுக்கிய கண்ணாடி அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்தது இந்தியா பெஞ்சு. யார் எந்தப் பெஞ்சில் உட்காருவது என்பதை யாரும் தீர்மானித்ததில்லை. பிறந்தபோதே தீர்மானமாகியிருந்தது. சிங்கள ஆட்களுக்குப் பெஞ்சு இல்லை. அவர்கள் வாசலில் நின்று தேத்தண்ணி குடித்தபடி, எந்தப் பக்கம் ஜெயிக்கிறதோ அந்தப் பக்கம் சிரித்தார்கள். மூன்று கூட்டத்திலும் அவர்கள்தான் ஓரளவு அறிவோடு நடந்துகொண்டவர்கள் என்று சொல்ல வேண்டும்.

ஹோட்டலில் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு நாடுகளும் மோதி ஒன்று தோற்றால், தோற்ற பெஞ்சைத் தூக்கி வீதியைப் பார்த்தபடி திருப்பிப் போடுவார்கள். அடுத்த ஆட்டம் வரும் வரைக்கும் தோற்றவர்கள் முதுகை ரேடியோவுக்குக் காட்டிக்கொண்டு, பஸ்ஸையும் மாடுகளையும் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்க வேண்டும். வளர்ந்த மனிதர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள், இதை ஒரு தண்டனையாகவே ஏற்றுக்கொண்டார்கள். வீட்டில் பெண்சாதி ஒரு கதிரையைத் திருப்பிப் போட்டிருந்தால் உலகம் இரண்டாகியிருக்கும்.

அந்தக் காலத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றோடொன்று கிரிக்கெட் ஆடுவதே இல்லை. அதனால் ஹாக்கியை வைத்துப் பெஞ்சைத் திருப்பினார்கள். இலங்கைக்கு டெஸ்ட் ஆட அப்போது அனுமதி கிடையாது. ஆகவே நாட்டை இரவல் வாங்க வேண்டியிருந்தது. தாராளமாக வாங்கினார்கள்.

இந்த இரு கூட்டத்திலும் ஒருவராவது டெஸ்ட் மைதானம் ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. டெலிவிசன் நாட்டுக்குள் வந்திருக்கவில்லை. எல்லாம் மக்கீன் நானாவின் பெரிய ரேடியோ வழியாகத்தான். அதில் வர்ணனை இந்தியிலும் உருதுவிலும் இங்கிலீசிலும் மாறி மாறி வரும். இந்தியா பெஞ்சுக்கு அதை விளக்கும் பொறுப்பு அழகையாவுடையது. சினிமாப் பாட்டு கேட்டு இந்தி படித்ததாக அவர் சொல்லிக்கொண்டார். பாகிஸ்தான் பெஞ்சுக்கு மக்கீன் நானாவே விளக்குவார். அவருடைய உறவினர் ஒருவர் வடநாட்டு மதரஸாவில் ஓதியவராம். ஆகவே இவருக்கு உருது வருமாம். ஒரே குரல் ஒரே வசனத்தைச் சொல்லும். இந்தப் பக்கம் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டும், அந்தப் பக்கம் ஆள் அவுட் ஆவார். மறுநாள் மத்தியானம் பேப்பர் வரும்போதுதான் இரண்டுமே நடக்கவில்லை என்று தெரியும். அதற்காக யாரும் வெட்கப்பட்டதில்லை. பேப்பரைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

அழகையாவின் வாழ்க்கையின் பெரிய பிழை இந்த ஹோட்டலில்தான் நடந்தது.

இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தத்தின்படி, யாருக்கு இந்தியக் குடியுரிமை, யாருக்கு இலங்கைக் குடியுரிமை என்று மலைநாடு முழுவதும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. தங்கம்மாவின் ஆட்கள் எல்லோரும் இலங்கைக்குப் போட்டார்கள். அழகையாவும் இலங்கைக்குப் போடுவதாகத்தான் இருந்தார். அந்த நேரம் பார்த்து, ஹாக்கியில் பாகிஸ்தான் தங்கப் பதக்கம் வாங்கியது. இந்தியா பெஞ்சு வீதியைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. மக்கீன் நானா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“இந்தியா, இந்தியாண்டு கத்துறீங்க. ஒங்கள்ல ஒருத்தனுக்காவது இந்தியாட கடுதாசி ஈக்கா? இலங்கைக்குப் போட்டுட்டு இந்தியாவுக்குக் கத்துறது, அடுத்த ஊட்டுக் கலியாணத்துல மாப்புள சட்ட போட்டுட்டு நிக்கிற மாதிரி.”

பெஞ்சில் இருந்த மற்றவர்கள் சிரித்து விட்டுவிட்டார்கள். அழகையாவுக்கு அது உறைத்தது. அந்த வாரமே கண்டிக்குப் போய், மனைவியின் பெயரையும் சேர்த்து, இந்தியாவுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு வந்தார். ஹோட்டலில் வந்து அதைச் சொன்னபோது இந்தியா பெஞ்சு அவருக்கு முதுகில் தட்டிக் கொடுத்தது. ஒரு மனிதன் தன் சாவு எந்த மண்ணில் என்பதை ஒரு ஹாக்கி ஆட்டத்தை வைத்து முடிவு செய்தான். அதைச் செய்யத் தூண்டியவர், ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தான் சொன்னதையே மறந்திருப்பார். தூண்டப்பட்டவரும் மறந்துவிட்டார். பல வருடம் ஒன்றும் நடக்கவில்லை. அரசாங்கங்கள் ஆறுதலாகத்தான் வேலை செய்கின்றன.

1977 ஆவணியில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. கடையின் பின்னறையை உடைத்து, தங்கம்மாவின் தையல் மெசினையும் பித்தளைப் பாத்திரங்களையும் கொண்டு போனார்கள். அழகையாவும் தங்கம்மாவும் கொக்கோ சாக்குகளுக்குப் பின்னால் ஒளிந்து பிழைத்தார்கள். அன்றைக்கு இரண்டு பெஞ்சும் ஒரே அளவு வீரத்தைத்தான் காட்டின. இரண்டும் கதவைச் சாத்திக்கொண்டன. மக்கீன் நானாவின் பெண்சாதி கைறுன்னிஸா மட்டும் மறுநாள் ஒரு சட்டியில் சோறு அனுப்பினார். அவர் எந்தப் பெஞ்சிலும் உட்காருபவர் அல்ல.

அடுத்த வருடம் புரட்டாசியில் இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன.

முதல் செய்தி பேப்பரில் வந்தது. பதினேழு வருடத்துக்குப் பிறகு இரண்டு நாடுகளும் டெஸ்ட் ஆடுகின்றன; இந்திய அணி பாகிஸ்தானுக்குப் போகிறது. ஐப்பசி நடுவில் முதல் டெஸ்ட். உக்குவளைச் சந்தி நிலை தடுமாறிப் போனது. இந்தியா பெஞ்சின் தலைவர் கூட்டுறவுக் கடைக் கிளாக்கர் இராயப்பன். அவர் சுழற்பந்து வீச்சாளர்களின் படங்களைப் பேப்பரிலிருந்து வெட்டி வடை அலுமாரியின் கண்ணாடியில் ஒட்டினார். எண்ணெய் பட்டு அவர்கள் முகம் ஒரு வாரத்தில் கறுத்துவிட்டது. எதிர்ப்பக்கம் கலண்டரைச் சுற்றி பாகிஸ்தானின் வேகப்பந்துக்காரர்கள் வந்தார்கள். இந்தியாவிடம் நல்ல வேகப்பந்துக்காரர் இல்லை என்பது இராயப்பனுடைய பெருங்கவலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வஹகோட்டைக்குப் பஸ் ஏறிப் போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார். அந்தோனியார் காணாமற் போன பொருட்களைக் கண்டுபிடித்துத் தருபவர் என்பார்கள். இந்தியா தன் வேகப்பந்துக்காரரை எங்கே தொலைத்தது என்பதை இராயப்பன் அவருக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. இதைக் கேட்டு மக்கீன் நானா, பாகிஸ்தான் ஜெயித்தால் ஊருக்குச் சோறு போட்டு ஒரு கந்தூரி கொடுப்பதாக நேர்ந்துகொண்டார். இறைவனுக்கும் புனிதர்களுக்கும் அந்த மாதம் வேறு வேலை இருந்திருக்கக் கூடாது என்று இரண்டு பேரும் நம்பினார்கள்.

இரண்டாவது செய்தி தபாலில் வந்தது. அழகையாவுக்கும் தங்கம்மாவுக்கும் இந்தியப் பாஸ்போட் தயார். ஐப்பசி நடுவுக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். திங்கட்கிழமைக் கப்பல். முதல் டெஸ்ட் தொடங்குவதும் அதே திங்கட்கிழமைதான்.

மாரியாயி அப்போது நிறை வயிற்றோடு இருந்தாள். தலைப்பிள்ளை, ஐப்பசி கடைசியில் என்று சொல்லியிருந்தார்கள். அவளுடைய புருசனுக்கு இலங்கைக் குடியுரிமை. அவள் வர மாட்டாள்; வர முடியாது. கப்பல் ஏறினால் அவளையும் பிள்ளையையும் இனிப் பார்ப்பது நடக்காத காரியம் என்பது தங்கம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவள் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். பேறுகாலத்தைக் காரணம் காட்டி ஒரு மனுக் கொடுத்தால் சில மாதம் தவணை தருகிறார்கள். எத்தனையோ பேர் அப்படி வாங்கி, தவணைக்கு மேல் தவணையாகத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். அதைக் கேட்டுப் பாருங்கள் என்றாள். அழகையா சரி என்றார். போகிற வழியில் ஹோட்டலில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்ததுதான் தவறு.

“என்னா அழகையாண்ணே, பெட்டி கட்டியாச்சா?” என்றார் இராயப்பன்.

“இன்னும் இல்ல தம்பி. தவணை கேக்கலாமான்னு பாக்குறேன். மகளுக்கு மாசம் நெருங்கிருச்சு.”

பெஞ்சிலிருந்த தலைகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின.

“தவணையா?” என்றார் இராயப்பன். “நம்ம ஆளுங்க பாகிஸ்தானுக்கே போறாங்க. நீங்க இந்தியாவுக்குப் போறதுக்குத் தவணை கேக்கிறீங்க.”

“போக மாட்டேன்னா சொன்னேன்? கொஞ்சம் பொறுத்துப் போறேன்.”

“புள்ள பெறப் போறது அவ. நீங்க என்னா, மருத்துவச்சியா?”

பெஞ்சு சிரித்தது. ஒருவர், “இங்கிருந்து ஒரு ஆளு போறாருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டோமேண்ணே” என்றார். உண்மைதான். அழகையாவின் பயணத்தை அவர்கள் ஏற்கனவே தங்கள் ஆட்டத்தின் ஒரு பகுதியாக்கியிருந்தார்கள். முதல் பந்து விழும் நாளில் உக்குவளை ஆள் ஒருவர் இந்தியாவில் கால் வைக்கிறார். அது ராசி. அதை ஒரு பிள்ளைப்பேறு கெடுப்பதா?

மேசைக்குப் பின்னாலிருந்து மக்கீன் நானா பேசினார்.

“உடு இராயப்பன். எனக்கு முந்தியே தெரியும். எண்ட ஹோட்டல்ல இருந்து தொண்ட கிழியக் கத்தின மனுசன். கடுதாசி கைக்கு வந்தவொடன கால் பின்னுது. இந்தியா அவருட வாயில மட்டுந்தான் ஈக்கி.”

பாகிஸ்தான் பெஞ்சு மேசையில் தட்டியது. இந்தியா பெஞ்சு, கைக்கு வந்த பிடியை நழுவ விட்டவரைப் பார்ப்பது போல அழகையாவைப் பார்த்தது.

“எவன் சொன்னான் போகலன்னு?” என்றார் அழகையா. “சனிக்கிழமை கோச்சி. வந்து வழியனுப்பிட்டுப் போங்க.”

இத்தனை வருட இடைவெளிக்குப் பிறகும், அதே மனிதர், அதே இடத்தில், அதே வாயினால் அதே முறையில் தோற்கடிக்கப்பட்டார். மனிதன் அனுபவத்திலிருந்து கற்கிறான் என்று எழுதுகிறவர்கள் உக்குவளைச் சந்தியில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

அன்று பின்னேரம் தங்கம்மா கேட்டாள்.

“மனு குடுத்தீங்களா?”

“இல்ல. போறோம்.”

“யாரு சொன்னா?”

“நாந்தான் சொல்றேன்.”

“எங்க வச்சு சொன்னீங்க? ஹோட்டல்லயா?”

தங்கம்மா உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

“எம் மகளுக்குப் பொறந்தது ஆணா பொண்ணான்னு நான் கடலுக்கு அந்தாண்ட நின்னு ரேடியோவுலயா கேக்கணும்? அதுக்கும் அர்த்தம் நீங்கதான் சொல்லுவீங்களா?”

அழகையா மறுநாள் ஒரு தகரப் பெட்டி வாங்கி வந்தார். பெயரும் விலாசமும் எழுத வேண்டும் என்று இராயப்பன் பெயின்ட்டோடு வந்தார். பெயரை எழுதி முடித்து, கீழே கொட்டை எழுத்தில் ‘ஜெயிக்கப் போவது இந்தியா’ என்று எழுதி, சந்தோசமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு சாமானைப் பெட்டிக்குள் அடக்கலாம் என்று உள்ளே தங்கம்மா அழுதபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பெயின்ட் காய்ந்து பெட்டி உள்ளே வந்ததும் அம்மிக் குழவியை எடுத்து வைத்தாள். பாரம் என்று அழகையா வெளியே எடுத்தார். அவள் மறுபடி எடுத்து வைத்தாள்.

சனிக்கிழமை உக்குவளை ஸ்டேசனில் வேறு மூன்று குடும்பங்களும் போக நின்றன. அந்த வருடங்களில் எந்த ஸ்டேசனிலும் காணக்கூடிய காட்சிதான். வயதானவர்கள் பிளாட்போமில் உட்கார்ந்து மண்ணை அள்ளி நெற்றியில் பூசினார்கள். பெண்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அதற்கு நடுவே இந்தியா பெஞ்சு மாலையோடு வந்தது. மாலையைப் போட்டுவிட்டு, இந்தியாவுக்கு ஜே போட்டது. போர்ட்டர் வேலை செய்த சிங்களவர் ஒருவர், செத்த வீடா கல்யாண வீடா என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஆளுக்கொரு வேண்டுகோள் இருந்தது. அணியின் படம் போட்ட புத்தகம் ஒன்று அனுப்ப வேண்டும் என்றார் ஒருவர். அங்கே மைதானம் எப்படி இருக்கும் என்று எழுத வேண்டும் என்றார் இன்னொருவர். அங்கே போய் எங்கே தங்குவீர்கள், என்ன வேலை செய்வீர்கள், மண்டபம் முகாமில் எத்தனை நாள் கிடக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாரியாயி ஒரு தூணில் சாய்ந்து நின்றாள். அழக்கூட அவளுக்கு மூச்சு போதவில்லை. அவளுடைய கையைத் தங்கம்மா விடவே இல்லை. கோச்சி அசைந்த பிறகு மருமகன்தான் விரல்களைப் பிரித்தெடுத்தான்.

மக்கீன் நானாவும் வந்திருந்தார். தள்ளி நின்றார். கோச்சி கிளம்புவதற்கு முன் ஜன்னல் பக்கம் வந்து, “போயிட்டு வாங்க அழகையா” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே அது எப்படிப்பட்ட வார்த்தை என்று பட்டிருக்க வேண்டும். “நோம்புக்கும் பெருநாளைக்கும் நெனச்சிக்குவோம்” என்று ஏதோ சேர்த்தார். அழகையா தலையை மட்டும் ஆட்டினார்.

இந்தியா பெஞ்சு சந்திக்குத் திரும்பி வரும் வழியிலேயே, துடுப்பாட்ட வரிசையில் மூன்றாவதாக யார் இறங்க வேண்டும் என்று சண்டை பிடித்தது.

திங்கட்கிழமை காலை ஹோட்டல் நிரம்பி வழிந்தது. ரேடியோ வயரை இன்னும் உயரத்துக்குக் கட்டியிருந்தார்கள். கூட்டுறவுக் கடை திறக்கவில்லை, கிளாக்கருக்குக் காய்ச்சல். இந்தியா பெஞ்சில் அழகையா வழக்கமாக உட்காரும் இடத்தை விட்டுவைத்து, அங்கே ஒரு மாலையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். செத்தவருக்குச் செய்வது அது என்பது ஒருவருக்கும் படவில்லை. “இப்ப கப்பல் ஏறியிருப்பாரு” என்று இராயப்பன் சொல்லிக்கொண்டிருந்தார். “அங்க அவரு கால் வைக்க, இங்க நம்ம பந்து விழ. பாருங்க.”

அந்த நேரம் அழகையா வாசலில் வந்து நின்றார்.

சனிக்கிழமை உடுத்தியிருந்த அதே சேட்டு. கையில் குடை. ரேடியோ மட்டும் பேசியது. அது இந்தியோ உருதுவோ, விளக்கிச் சொல்ல ஆள் இல்லை.

நடந்தது பிறகு தெரிய வந்தது. பொல்காவலைச் சந்தியில், கப்பல் துறையான தலைமன்னாருக்குப் போகும் கோச்சிக்கு மாற வேண்டும். மாறும் இடத்தில் மற்ற மூன்று குடும்பங்களும் ஏறின. அழகையா பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பிளாட்போமில் நின்றார். கோச்சி போய்விட்டது. அவரும் தங்கம்மாவும் அடுத்து வந்த கோச்சியில் எதிர்ப்பக்கமாக ஏறி மாத்தளைக்கு, மகள் வீட்டுக்குப் போனார்கள். ‘நீ ஏறச் சொன்னியா, வேணாம்னு சொன்னியா’ என்று பெண்கள் கேட்டபோது தங்கம்மா சொன்னது இவ்வளவுதான்: “நான் வாயத் தொறக்கல. அவருதான் நின்னாரு. நானும் நின்னேன்.”

இராயப்பன்தான் முதலில் எழுந்தார்.

“என்னாண்ணே இது? கப்பல்?”

“போயிருச்சு.”

“போயிருச்சா? பாஸ்போட்டக் கையில வச்சிக்கிட்டு இங்க நின்னா பொலிஸ் வந்து அள்ளிட்டுப் போகும். தெரியுமா?”

“தெரியும் தம்பி.”

அவ்வளவுதான் பேச்சு. ஏன் என்று அவர்கள் கேட்டிருப்பார்கள். மகளுக்காகத்தான் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இரண்டு நாள் கேலி செய்துவிட்டு மன்னித்தும் இருப்பார்கள். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. உள்ளே வந்தார். மாலை சுருட்டி வைத்திருந்த தன்னுடைய இடத்தைப் பார்த்தார். பிறகு குடையைச் சுவரில் சாத்திவிட்டு, குறுக்கே நடந்து போய், கலண்டருக்குக் கீழே, பாகிஸ்தான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“ஒரு பிளேன்டி” என்றார்.

மக்கீன் நானா அவரைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். பாகிஸ்தான் பெஞ்சு அரையடி நகர்ந்து கொடுத்தது. மரியாதையினாலா, தொற்றிக்கொள்ளும் என்ற பயத்தினாலா என்று சொல்ல முடியாது. தேத்தண்ணி வந்தது.

இந்தியா பெஞ்சுக்கு வந்த கோபத்தை விவரிக்க வேண்டும். அவர் கப்பல் ஏறாததை அவர்கள் சிறிது நேரத்தில் மறந்துவிட்டார்கள். பெஞ்சு மாறியதை மன்னிக்கவில்லை. ஒருவர் காறித் துப்பினார். பொலிசுக்குச் சொல்லப் போவதாக ஒருவர் எழுந்தார். “மெச் நடக்குது, இரி” என்று மக்கீன் நானா ஒரு சத்தம் போட்டார்; எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். ஒரு மனிதனைக் காட்டிக் கொடுப்பதற்குக்கூட அவர்களால் ஒரு ஓவரைத் தவற விட முடியவில்லை. அழகையா பிழைத்தது அந்த அற்ப குணத்தினால் என்றால் அதற்கு நன்றி சொல்லலாம்.

முதல் டெஸ்டில் வெற்றி தோல்வி இல்லை. அடுத்த இரண்டிலும் இந்தியா தோற்றது. பெஞ்சு வீதிப் பக்கம் திரும்பியது. அந்தோனியாரைப் பற்றி இராயப்பன் அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை. தோல்விக்குக் காரணம் அழகையா பெஞ்சு மாறியதுதான் என்று ஒரு கட்சி சொன்னது. கப்பலில் ஏறாததுதான் என்று இன்னொரு கட்சி சொன்னது. பந்து வீச்சு மோசம் என்று சொல்ல ஆள் இருக்கவில்லை. மக்கீன் நானா கந்தூரி கொடுத்தார். அழகையாவுக்கும் ஒரு சகன் சோறு வைக்கக் கூப்பிட்டார்கள். அவர் மாத்தளைக்குப் போயிருந்தார். மாரியாயிக்கு ஆண் பிள்ளை.

அவர் அதற்குப் பிறகும் பல வருடம் அந்தத் தராசிலேயே நின்றார். பாஸ்போட் காலாவதியானது. தவணை கடந்து தங்கிய ஆள் என்ற பெயரோடு, பொலிஸ் ஜீப் சந்திக்கு வரும்போதெல்லாம் கொக்கோ சாக்குகளுக்குப் பின்னால் போய் நின்றார். இந்தியா இவரைத் தன் ஆள் என்று எழுதி வைத்திருந்தது. இலங்கை இவரை எழுதவே இல்லை. எண்பத்து மூன்றில் மறுபடியும் ஊர் எரிந்தபோது அதே சாக்குகள்தான். தகரப் பெட்டி மகள் வீட்டில் அரிசிப் பெட்டியாக இருந்தது. ‘ஜெயிக்கப் போவது இந்தியா’ என்ற எழுத்தை அழிக்க ஒருவரும் மெனக்கெடவில்லை.

ஏன் அந்தப் பெஞ்சு என்று பலரும் பல விளக்கம் வைத்திருந்தார்கள். மக்கீன் நானாவின் கேலிக்குப் பழி வாங்க, அவருடைய முகத்துக்கு நேரே போய் உட்கார்ந்தார் என்றார்கள். அப்படியானால் அவர் ஒரு நாளாவது அந்த முகத்தை ஏறிட்டுப் பார்த்திருக்க வேண்டும். இந்தியாவை வெறுத்துவிட்டார் என்றார்கள். ஆனால் பாகிஸ்தான் ஜெயித்தபோது ஒரு தடவைகூட அவர் கை தட்டியதில்லை. கைறுன்னிஸா அனுப்பிய சோற்றுக்கு நன்றி என்றார்கள். சோற்றுக்கு நன்றி சொல்ல ஒரு வருடம் காத்திருப்பவர்களைப் பார்த்ததில்லை. தங்கம்மாவைக் கேட்டால், “எனக்கு அந்த வெளையாட்டே தெரியாதுங்க” என்பாள். மக்கீன் நானா ஒரு முறை, ஹோட்டலில் யாரும் இல்லாத நேரத்தில், நேராகவே கேட்டாராம். அழகையா தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மழை வரப் போகிறது என்றாராம்.

மறுபடியும் ரேடியோவை விளக்கிச் சொல்ல அவர் வாய் திறக்கவில்லை. ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்தார். சாகும் வருடம் வரைக்கும் அவர் உட்கார்ந்தது அந்தப் பெஞ்சில்தான். கலண்டருக்குக் கீழே, ஓரமாக, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு.